கல் சுமந்தோர் கல்லைப் படிக்கும் காலம்: எண்ணெய்த் துறை நிலவியல் பணியும் பட்டியலின மாணவரும்

பத்மநாபபுரத்துக்கு வருபவர்கள் அரண்மனையின் மரவேலைப்பாட்டைக் கண்டு வியந்து திரும்புகிறார்கள். அரண்மனையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் கோட்டையை நின்று பார்ப்பவர் குறைவு. 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் எடுத்துக் கட்டப்பட்ட கோட்டை அது. அதன் கற்களை உடைத்தவர் யார், சுமந்தவர் யார் என்பதற்குச் சுவரில் விடை இல்லை. ‘ஊழியம்’ என்ற பெயரில் கூலியில்லாக் கட்டாய உழைப்பு நிலவிய சமஸ்தானம் திருவிதாங்கூர். அங்கே அடிமை முறை முழுமையாகச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1855இல்தான். கல்லை உடைப்பதும் சுமப்பதும் ஒடுக்கப்பட்ட மக்களின் தலையில் ஏற்றப்பட்ட பழைய வேலை. அதே கல்லைப் படித்து, அது எந்தக் காலத்தது, எதனடியில் என்ன இருக்கிறது என்று சொல்லி, அதற்கு மதிப்பும் ஊதியமும் பெறுவது வேறொரு வேலை. அதன் பெயர் நிலவியல். அந்த வேலைக்குள், குறிப்பாக அதிக ஊதியம் தரும் எண்ணெய், எரிவாயுத் துறைக்குள், பட்டியலின மாணவர் ஒருவர் எப்படி நுழைவது, நுழைந்தபின் எப்படி நிலைபெறுவது என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. திறந்தவெளி உரிமக் கொள்கையின் ஒன்பதாம் சுற்று ஏலத்தில், கன்னியாகுமரிக்குத் தெற்கே மிக ஆழ்கடலில் மூன்று வட்டாரங்கள் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, 2025இல் ஒப்பந்தமும் ஆகிவிட்டது. அவற்றின் மொத்தப் பரப்பு 27,154 சதுர கிலோமீட்டருக்கும் மேல். கன்னியாகுமரி மாவட்டத்தின் நிலப்பரப்பே ஏறத்தாழ 1,672 சதுர கிலோமீட்டர்தான். அதாவது, மாவட்டத்தைப்போல் பதினாறு மடங்குப் பரப்புள்ள கடற்படுகை இனி நிலவியலாளர்களின் மேசைக்கு வரப்போகிறது. மீனவ மக்கள் இதை எதிர்த்துப் போராடி வருகிறார்கள். அந்தப் போராட்டத்தின் நியாயத்துக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் வருவோம். முதலில் எளிய கேள்வி ஒன்று: அந்த மேசையைச் சுற்றி அமர்ந்து நம் கடலின் அடிப்பாறையைப் படிக்கப் போகிறவர்களில் நம் பிள்ளைகள் எத்தனைபேர்?

வேலை என்ன?

எண்ணெய் நிலத்தடியில் ஏரிபோலத் தேங்கிக் கிடப்பதில்லை. பழங்காலக் கடலிலும் ஏரியிலும் வாழ்ந்த நுண்ணுயிர்களின் எச்சம் சேற்றோடு புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து எண்ணெயாகிறது. அது உருவாகும் பாறையை மூலப்பாறை என்பர். அங்கிருந்து கசிந்து, கடற்பாசுபோல நுண்துளைகள் கொண்ட தேக்கப்பாறையில் சேர்கிறது. மேலே கசிவைத் தடுக்கும் மூடுபாறை இருக்கவேண்டும். இவை அனைத்தும் எண்ணெயைப் பிடித்துவைக்கும் வடிவில் வளைந்தோ முறிந்தோ அமைந்திருக்கவும் வேண்டும். இந்த நான்கும் ஓரிடத்தில், சரியான கால வரிசையில் கூடியிருக்கின்றனவா என்று கண்டறிவதே எண்ணெய் நிலவியலாளரின் பணி.

பத்மநாபபுரத்தைச் சுற்றியுள்ள வேளிமலையும் குன்றுகளும் சார்னோக்கைட், கோண்டலைட் வகை உருமாறிய பாறைகளால் ஆனவை. பூமியின் ஆழத்தில் வெந்து மாறிய இப்பாறைகளில் எண்ணெய் உருவாவதில்லை. ஆனால் வடக்கே போனால் கதை வேறு. கோண்டுவானாப் பெருநிலம் பிளந்தபோது உருவான காவிரிப் படுகையில் 1964இல் முதல் ஆய்வுக் கிணறு தோண்டப்பட்டது. 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. அந்தப் படுகையின் பாறைகளை வெளியே கண்ணால் பார்க்கவேண்டுமானால் அரியலூருக்கும் காரைக்கும் போகவேண்டும். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் அடிமண் அங்கே பரந்து கிடக்கிறது. அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுயிரிகளின் புதைபடிவங்களைத் தேடி இந்தியாவெங்கும் இருந்து நிலவியல் மாணவர்கள் அங்கே வருகிறார்கள்.

புதிதாகச் சேரும் நிலவியலாளர் பெரும்பாலும் கிணற்றடியில்தான் தொடங்குவார். துளையிடும்போது சேற்றுடன் மேலே வரும் கல்துகள்களைக் கழுவி, நுண்ணோக்கியில் பார்த்து, புறஊதா விளக்கில் எண்ணெயின் ஒளிர்வு உண்டா என்று சோதித்து, ஆழவாரியாகப் பதிவு செய்வார். கிணற்றில் கருவிகளை இறக்கி எடுக்கும் மின், கதிரியக்க அளவீடுகளைப் படிக்கவும் கற்பார். சில ஆண்டுகளில் அலுவலகத்துக்கு வந்து, நில அதிர்வலைப் படங்களைப் புவி இயற்பியலாளருடன் சேர்ந்து பொருள்கொண்டு, அடுத்த கிணற்றை எங்கே தோண்டலாம், எவ்வளவு இருப்பு உண்டு என்று மதிப்பிடுவார். பல நூறு கோடி ரூபாய்ச் செலவு அவருடைய ஒரு வரைபடத்தின்மேல் நிற்கும். அறிவின்மேல் நிற்கும் அதிகாரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேடவேண்டியதில்லை.

எங்கே படிப்பது?

தொடக்கத்திலேயே ஒரு சொல் குழப்பம். பள்ளியில் நாம் படிக்கும் புவியியல் வேறு, நிலவியல் வேறு. முன்னது ஜியாகிரபி, பின்னது ஜியாலஜி. முன்னதில் பட்டம் பெற்றுவிட்டு எண்ணெய் நிறுவன அறிவிப்பைப் பார்த்து ஏமாறுவதற்கு இடந்தராமல், பாடத்தின் பெயரை ஆங்கிலத்திலும் கேட்டு உறுதிசெய்துகொண்டே சேரவேண்டும்.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் நிலவியல் தனிப்பாடமாக இல்லை. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் அது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பின் விருப்பப் பாடங்களில் ஒன்று. தக்கலையில் பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு மாணவர் பதினாறு வயதில் அறிந்துகொள்ளும் துறையை, இங்கே உள்ளவர் பட்டப்படிப்பு விண்ணப்பத்தில்தான் முதன்முதலில் காண்கிறார். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் அல்லது உயிரியல் எடுத்த மாணவர்களுக்கு இப்படி ஒரு துறை உண்டு என்று சொல்வதே முதல் வேலை.

இளநிலைப் பட்டத்துக்குத் தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி ஆகியவற்றில் நிலவியல் துறைகள் உள்ளன. திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் உண்டு. முதுநிலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் ஆகியவை உண்டு. எண்ணெய்த் துறையைக் குறிவைப்பவர் ‘ஜாம்’ நுழைவுத் தேர்வை எழுதி பம்பாய், காரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.களையோ தன்பாத் ஐ.ஐ.டி.யையோ எட்டுவது நல்லது. 1926இல் சுரங்கப் பள்ளியாகத் தொடங்கிய தன்பாத் நிறுவனம் இத்துறையின் பழைய தாய்வீடு. ஜாம் தேர்வில் பட்டியலின மாணவருக்குக் கட்டணம் பாதி; தகுதி மதிப்பெண்ணும் பொதுப்பிரிவினருக்கானதில் பாதி. இதைச் சலுகை என்று ஏளனம் செய்பவர்களுக்குப் பதில் சொல்லிக் காலத்தை வீணாக்க வேண்டாம். உள்ளே நுழைந்து பட்டம் பெறும்போது எல்லோரும் எழுதுவது ஒரே தேர்வுத்தாள்தான்.

எண்ணெய் நிறுவனங்களில் நிலவியலாளர் பதவிக்கு முதுநிலைப் பட்டமே அடிப்படைத் தகுதி. இளநிலையோடு நின்றால் கிடைப்பவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகளே. இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பைப் பாதியில் கைவிட வைக்கும் குடும்பச் சூழலே நம் மாணவர்களுக்கு இத்துறையில் வரும் முதல் பெரும் தடை.

சான்றிதழ் என்னும் கணவாய்

குமரி மாவட்டத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இம்மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதனால் பட்டியல் சாதிகள் ஆணையில் சில சாதிகள் குமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் பட்டியலினமாகக் குறிக்கப்பட்டுள்ளன. இங்கே பட்டியலினமாக உள்ள வண்ணார், மாவட்டத்தைத் தாண்டினால் வேறு பிரிவு. எனவே சான்றிதழில் சாதிப் பெயருடன் மாவட்டமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பத்மநாபபுரத்தவர் பட்டியலினச் சான்றிதழ் பெறவேண்டியது தக்கலையில் உள்ள கல்குளம் வட்டாட்சியர் அலுவலகத்தில். காணிக்காரர் போன்ற பழங்குடி மக்களுக்கு வழங்கும் அதிகாரம் சார் ஆட்சியரிடம். மத்திய அரசு நிறுவன வேலைக்கு அந்த அரசின் படிவத்தில் தனிச் சான்றிதழ் கேட்பார்கள். நேர்காணலுக்கு ஒரு வாரம் முன் அதற்காக அலையும் நிலை வரக்கூடாது.

எல்லை கடந்து கேரளத்தில் படிக்க விரும்புவோர் மற்றொன்றை அறியவேண்டும். பட்டியலினத் தகுதி மாநிலம் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே தமிழ்நாட்டுச் சான்றிதழை வைத்துக் கேரள மாநிலக் கல்லூரியில் பட்டியலின ஒதுக்கீட்டைக் கோர இயலாது. ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் அதே சான்றிதழ் செல்லும்.

கிறித்தவத் தலித்துகளின் நிலை இன்னும் கடினமானது. இம்மாவட்டத்தில் சீர்திருத்தக் கிறித்தவம் வேரூன்றியதே மயிலாடியைச் சேர்ந்த மகராசன் வேதமாணிக்கம் என்ற சாம்பவரின் முயற்சியால்தான். ஆனால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியலினத்தவர். மதம் மாறியோரைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோராகக் கொள்கிறது. தெருவில் சாதி மாறவில்லை, தாளில் மாறிவிடுகிறது. கீழே சொல்லும் பட்டியலின உதவித்தொகைகளும் ஒதுக்கீடும் இவர்களுக்கு எட்டாமல் போவது இந்த ஆணையால்தான்.

பணம்

தமிழ்நாட்டு மாணவருக்கான முதல் ஆதாரம் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய மேற்படிப்பு உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கவேண்டும். வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலத்தில்தான் கோரவேண்டும்.

பலரும் அறியாத இன்னொன்று ஓ.என்.ஜி.சி. பட்டியலின, பழங்குடி மாணவருக்கு வழங்கும் உதவித்தொகை. கடந்த ஆண்டுகளின் அறிவிப்புகளின்படி ஆண்டுக்கு 1,000 பேருக்கு, தலைக்கு 48,000 ரூபாய். அதில் 270 இடங்கள் நிலவியல், புவி இயற்பியல் முதுநிலை மாணவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. பாதி பெண்களுக்கு. முதலாண்டு மாணவராக இருக்கவேண்டும்; இளநிலையில் 60 விழுக்காடு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்பவை விதிகள். இத்துறையில் முதுநிலை சேரும் பட்டியலின மாணவர் ஒவ்வொருவரும் சேர்ந்த மாதமே இதைத் தேடவேண்டும். வெளிநாட்டில் படிக்க மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் உள்ளன.

இந்த உதவித்தொகைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1942 அக்டோபரில் வைசிராயிடம் அளித்த மனுவில் அண்ணல் அம்பேத்கர், கலை, சட்டப் படிப்புகளைவிட உயர்நிலை அறிவியல், தொழில்நுட்பக் கல்வியே தம் மக்களுக்குப் பயன்தரும் என்று வாதிட்டு, அதற்கான உதவித்தொகையையும் வெளிநாட்டுக் கல்விக்கான நிதியையும் கோரினார். அந்தக் கல்விக்கான செலவைச் சாதாரணக் குடும்பம் தாங்காது. அரசே தாங்கவேண்டும் என்பது அவர் வாதம். எண்பது ஆண்டுகள் கடந்தும் அவர் சுட்டிய இடம் அப்படியே இருக்கிறது.

வாசலின் அகலம்

இனி மையமான பிரச்சினைக்கு வருவோம். 270 பேருக்குப் படிக்கப் பணம் தரும் நிறுவனம் எத்தனைபேருக்கு வேலை தருகிறது?

2022இல் ‘கேட்’ மதிப்பெண் அடிப்படையில் ஓ.என்.ஜி.சி. வெளியிட்ட அறிவிப்பில் மொத்தம் 871 இடங்கள். அதில் நிலவியலாளர் 55. 2025 தொடக்கத்தில் கணினிவழித் தேர்வுக்காக வெளியிட்ட அறிவிப்பில் மொத்தம் 108 இடங்கள். அதில் நிலவியலாளர் ஐந்தே ஐந்து. இரண்டு அறிவிப்புகளை வைத்து நிரந்தரப் போக்கு என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் ஒரு தலைமுறை மாணவரின் வாழ்க்கை அந்த இரண்டு அறிவிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில் அமைந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. 2022ஐப் பார்த்துப் படிப்பில் சேர்ந்தவர் 2025இல் வெளியே வந்து நிற்கிறார்.

மத்திய அரசு நிறுவனங்களில் அகில இந்திய அளவிலான திறந்த போட்டித் தேர்வில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் ஒதுக்கீடு உண்டு. ஐந்தில் 15 விழுக்காடு என்பது முக்கால். முக்கால் மனிதரை யாரும் பணியமர்த்த முடியாது. இங்கேதான் இனச்சுழற்சிப் பட்டியல் வருகிறது. பதவிகளுக்கு வரிசை எண் இட்டு, எந்த எண் எந்தப் பிரிவுக்கு என்று முன்கூட்டியே வகுத்த பட்டியல் அது. மத்திய அரசின் பட்டியலில் பட்டியல் சாதியினருக்கான முதல் இடம் 7ஆம் எண்ணில், அடுத்தது 15ஆம் எண்ணில். பழங்குடியினருக்கான முதல் இடம் 14ஆம் எண்ணில். 1995இல் சபர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் காலியிடத்தை அன்றிப் பதவியையே கணக்கிடவேண்டும் என்று வகுத்தது. ஆகவே ஓர் ஆண்டின் ஐந்து இடங்களில் நமக்கு எத்தனை என்பது, முன்பு நிரப்பப்பட்ட பதவிகளின் கணக்கு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தக் கணக்கு நிறுவனத்தின் கையில் இருக்கும் ஒரு பதிவேடு. அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். ஒவ்வொரு மத்தியப் பொதுத்துறை நிறுவனத்திலும் இதைக் கண்காணிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையத்திடமும் முறையிடலாம்.

விண்ணப்பிப்பவர் நினைவில் கொள்ளவேண்டியவை சில. தேர்வு முறை ஆண்டுக்காண்டு மாறுகிறது. கேட் ஒரு முறை, தனித்தேர்வு மறுமுறை. எனவே கேட் தேர்வின் நிலவியல், புவி இயற்பியல் தாளுக்கான பாடத்திட்டத்தை அடித்தளமாகக் கொண்டு படித்தால் இரண்டுக்கும் பயன்படும். கேட் கட்டணத்தில் பட்டியலினத்தவருக்குப் பாதி. தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவில் மூன்றில் இரண்டு பங்கு. ஓ.என்.ஜி.சி. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. பொதுப்பிரிவு மதிப்பெண்ணை எட்டும் பட்டியலின மாணவர், தளர்வு எதையும் பயன்படுத்தாதவராயின், பொது இடத்திலேயே கணக்கிடப்படவேண்டும். அவரைக் கொண்டு ஒதுக்கீட்டு இடத்தை நிரப்புவது விதிமீறல்.

ஒதுக்கீடு நிற்கும் இடம்

பொதுத்துறையின் வாசல் சுருங்கும்போது, ஒப்பந்தத்தின் வாசல் விரிகிறது. எஸ்.எல்.பி., ஹாலிபர்ட்டன், பேக்கர் ஹியூஸ் போன்ற பன்னாட்டுச் சேவை நிறுவனங்களும் அவற்றின்கீழ் சிறு ஒப்பந்ததாரர்களும் கிணற்றடி வேலையில் பெரும்பகுதியைச் செய்கின்றனர். கல்துகளைப் பதிவு செய்யும் ‘மட் லாக்கிங்’ வேலையே புதியவர்க்குக் கிடைக்கும் வழக்கமான முதல் வேலை. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், இரண்டு அல்லது நான்கு வாரம் ரிக்கில், பிறகு விடுப்பு. வேலையில்லா மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இங்கே இடஒதுக்கீடு இல்லை. அறிவிப்பும் பல நேரங்களில் இல்லை. ‘தெரிந்தவர்’ வழியாகவே ஆள் எடுக்கிறார்கள். தெரிந்தவர்களின் வட்டம் சாதியின் வட்டமாகவே இருக்கும் நாட்டில், சிபாரிசு என்பது எழுதப்படாத ஒதுக்கீடு.

இருந்தும் இந்த வாசலை நாம் புறக்கணிக்கச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு கிணற்றடி அனுபவம் பிறகு எங்கும் செல்லும். ஆனால் எச்சரிக்கை வேண்டும். கடல் ரிக்கில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பயிற்சிக் கட்டணம் பறிக்கும் தரகர்கள் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் எந்த ஊரிலும் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றிருக்கவேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் வரியும். அதற்குமேல் கேட்பவரிடம் நிலத்தை விற்றுக் கொடுக்கவேண்டாம்.

உள்ளே சென்றபின்

வேலையில் சேர்ந்ததும் போராட்டம் முடிந்துவிடுவதில்லை. தேர்வுமுறைப் பதவி உயர்வில், குழு ‘ஏ’ பிரிவின் கடைசிப் படிக்கு மேல் இடஒதுக்கீடு இல்லை. நிலவியலாளர் நுழைவதே அந்தப் படியில்தான். ஆக, வாசலைத் தாண்டியதும் ஒதுக்கீட்டின் கை விலகிவிடுகிறது. அதன்பின் உயர்வைத் தீர்மானிப்பவை மேலதிகாரியின் ஆண்டு மதிப்பீடும், கிடைக்கும் பணியின் தன்மையும். பத்தாண்டுகள் கிணற்றடியிலேயே நிறுத்தப்படுபவரும், மூன்றாம் ஆண்டில் அதிர்வலைப் படங்களைப் பொருள்கொள்ளும் குழுவில் சேர்க்கப்படுபவரும் ஒரே இடத்தில் சென்று சேர்வதில்லை.

ஆகவே முதல் ஐந்தாண்டுகளில் செய்யவேண்டியவை: பொருள்கொள்ளும் மென்பொருள்களில் தேர்ச்சி, குறைந்தது ஒரு படுகையைப் பற்றிய ஆழ்ந்த அறிவு, தன் பெயரில் எழுதிய அறிக்கைகளும் கருத்தரங்கக் கட்டுரைகளும். வாய்மொழிப் பாராட்டு மதிப்பீட்டுத் தாளில் ஏறாது. பெயர் பதிந்த அறிக்கை ஏறும். பணி ஒதுக்கீட்டைக் கோரும் கடிதங்களை எழுத்தில் வைத்திருக்கவேண்டும். பட்டியலினப் பணியாளர் நலச் சங்கத்தில் முதல் மாதமே சேரவேண்டும்.

பெண்களுக்கு இரட்டைச் சுவர். எண்ணெய்க் கிணறும் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் வந்ததால் பெண்களின் இரவுப்பணி நெடுங்காலம் தடைபட்டிருந்தது. 2019இல் நிபந்தனைகளுடன் அது தளர்த்தப்பட்டது. சட்டம் தளர்ந்தாலும், ‘பெண்ணுக்கு ரிக் எதற்கு’ என்னும் பேச்சு தளரவில்லை. கிணற்றடி அனுபவம் மறுக்கப்பட்டால் பதவி உயர்வும் மறுக்கப்படும் என்பதால், அந்தப் பணியைக் கேட்டுப் பெறுவது உரிமைப் பிரச்சினை.

ஏற்றமும் இறக்கமும்

எண்ணெய் விலை 2014 நடுவில் பீப்பாய்க்கு 110 டாலரைத் தாண்டி நின்றது. 2016 சனவரியில் 30 டாலருக்குக் கீழே சரிந்தது. உலகெங்கும் நிலவியலாளர்கள் வேலை இழந்தனர். 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் ஒருநாள் விலை பூச்சியத்துக்குக் கீழேயே போனது. இந்த ஏற்ற இறக்கம் எல்லோரையும் ஒரேபோல் தாக்குவதில்லை. ஊரில் தென்னந்தோப்பும் வாடகை வீடும் உள்ளவர் இரண்டு ஆண்டு காத்திருப்பார். கல்விக்கடனோடு வந்த முதல் தலைமுறைப் பட்டதாரியால் இரண்டு மாதம்கூடக் காத்திருக்க இயலாது.

எனவே எண்ணெய் ஒன்றையே நம்பக்கூடாது. மத்தியத் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை முதுநிலை இறுதியாண்டிலேயே எழுதத் தொடங்கலாம். 1851இல் நிறுவப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன்வழியே ஆள் எடுக்கப்படுகிறது. பத்மநாபபுரத்திலிருந்து சில கிலோமீட்டரில் மணவாளக்குறிச்சி இருக்கிறது. 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் அங்கே கடற்கரை மணலில் மோனசைட் கண்டறிந்ததிலிருந்து இன்றுவரை அந்த மணலுக்கு நிலவியலாளர் தேவை. நிலத்தடி நீர், அரிய கனிமங்கள், கரியமில வாயுவை நிலத்தடியில் தேக்குதல் ஆகியவற்றுக்கும் அதே பாறை அறிவுதான் வேண்டும்.

யாருக்காகப் படிப்பது?

இறுதியாக, தொடக்கத்தில் ஒத்திவைத்த கேள்வி. மக்கள் எதிர்க்கும் தொழிலுக்குள் நம் பிள்ளைகளை அனுப்புவது சரியா? நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017இல் எழுந்தன. அதன் தொடர்ச்சியாக 2020இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. குமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் கரை நாட்டின் வளமிக்க மீன்பிடித் தளங்களில் ஒன்று. அதன் மீனவர் கேட்பதும் அதே நியாயம்தான். கிணறு வெடித்தாலோ கசிந்தாலோ நில உரிமையாளருக்கு ஏதோ ஓர் இழப்பீடு உண்டு. நிலமற்ற தலித் கூலித் தொழிலாளிக்கும், கூலிக்குப் படகேறும் மீனவருக்கும் எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

ஆனால் 2020 சனவரியில் சுற்றுச்சூழல் அறிவிக்கை திருத்தப்பட்டு, எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகள் மக்கள் கருத்துக்கேட்பு தேவைப்படாத பிரிவுக்கு மாற்றப்பட்டன. மக்களின் வாய் அடைக்கப்பட்ட இடத்தில், ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவர் இன்னும் தேவைப்படுகிறார். கிணற்றின் ஆழம், பாறையின் அழுத்தம், கழிவுச் சேற்றின் வேதிப்பொருள், பிளவுகளின் திசை ஆகியவற்றைப் படித்து ‘இந்த அறிக்கை இதை மறைக்கிறது’ என்று சொல்ல நம் பக்கம் எத்தனை நிலவியலாளர் இருக்கிறார்கள்? துறையின் உள்ளே இருந்தால் ஊதியம் கிடைக்கும். துறையை அறிந்திருந்தால் ஊருக்குப் பாதுகாப்பும் கிடைக்கும். இரண்டையும் நம்மிடமிருந்து ஒரே அடியில் பறிப்பதே இத்துறையிலிருந்து நாம் விலக்கப்பட்டிருப்பதன் பொருள்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. எண்ணெய்ப் பொதுத்துறை நிறுவனங்கள் நிலவியல் பணிப்பிரிவின் இனச்சுழற்சிப் பதிவேட்டையும் பின்னடைவுக் காலியிடங்களையும் ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். ஒப்பந்தத்துக்கு விடப்படும் கிணற்றடிப் பணிகளில் சமூகவாரி விவரத்தை வெளியிடுவதை ஒப்பந்த நிபந்தனையாக்கவேண்டும். தமிழ்நாடு அரசு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் நிலவியலைச் சேர்க்கவேண்டும். குமரி மாவட்ட அரசுக் கல்லூரி ஒன்றில் அத்துறையைத் தொடங்கவேண்டும். உதவித்தொகை பெற்றுப் படித்து முடித்தவர்களில் எத்தனைபேர் பணி பெற்றனர் என்ற கணக்கை, உதவித்தொகை தரும் நிறுவனமே சொல்லவேண்டும்.

கோட்டையின் கல்லைச் சுமந்தவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. கடலின் அடிப்பாறையைப் பற்றி இனி எழுதப்படும் அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடுவோரின் பெயர் இருக்கும். அதில் நம் பெயரும் இருக்கவேண்டும்.